பக்கத்து வீட்டுக் குச்சியா, லால்பாக் கன்றா?

பெங்களூரில் மாடியிலோ பால்கனியிலோ நாலு தொட்டி வைக்க நினைப்பவருக்குச் செடி கிடைக்க மூன்று வழி. தோட்டம் போட்டிருக்கும் தோழியிடம் நட்டு வளர்க்க ஒரு குச்சி கேட்கலாம், நர்சரிக்குப் போகலாம், போனில் ஆர்டர் போடலாம். கடைசி வழியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். விதை, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பூவாளி வாங்க அது சரி. உயிருள்ள செடி நாள்கணக்கில் இருட்டுப் பெட்டியில் கிடந்து வந்தால் தேறுவதற்கே மாதமாகும். அதனால் போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

என் ஓட்டு பெரும்பாலும் குச்சிக்கு. காசு மிச்சம் என்பதற்காக இல்லை. குச்சியில் வளரும் செடி தாய்ச்செடியின் அச்சு அசல். அல்சூர் மாடி ஒன்றில் மார்ச் வெயிலையும் போர்வெல் உப்புத் தண்ணீரையும் தாங்கிப் பூத்துக்கொண்டிருக்கும் செம்பருத்தியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறோம். நர்சரிக் கன்று நிழல்வலைக்குக் கீழே கவனிப்பில் வளர்ந்தது. அங்கே மொட்டும் பூவுமாக நிற்கும், நம் வீட்டு வெயிலுக்கு வந்ததும் மொட்டை உதிர்த்துவிட்டு முறைக்கும்.

செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, ஓமவல்லி, வெற்றிலை இதற்கெல்லாம் நர்சரிக்குப் போவது வீண். செம்பருத்திக்குப் பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், ரொம்ப இளசாகவும் இல்லாமல் முற்றிப் போகாமலும் இருக்கும் கிளையாகக் கேளுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும், வேர் கிளம்புவது அங்கேதான். நுனியில் இரண்டு இலையை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, ஈரமான கோகோபீட்டில் செருகி நிழலில் வையுங்கள். ஜூன், ஜூலையில் காற்றில் ஈரம் இருக்கும்போது சுலபமாகப் பிடிக்கும். மார்ச்சில் செய்வதானால் மேலே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து மூடுங்கள். துளிர் விட்டதுமே வேர் பிடித்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சியில் இருக்கும் சேமிப்பை வைத்தே முதல் துளிர் வந்துவிடும். மணி பிளான்ட்டை மட்டும் யாரிடமும் கேட்கக் கூடாது, திருடினால்தான் வளரும் என்று ஒரு கட்சி உண்டு. தண்ணீர் பாட்டிலில் போட்டாலே வளரும் கொடிக்கு எதற்குத் திருட்டுப் பட்டம்!

குச்சி தோற்கும் இடங்களும் உண்டு. கறிவேப்பிலைக் கிளை வேர் பிடிப்பது அரிது. தோழி வீட்டு மரத்தடியில் வேரிலிருந்து முளைத்த பக்கக்கன்று இருந்தால் அதை வேரோடு கேளுங்கள், இல்லையென்றால் பழுத்த பழத்தின் விதையைக் காயவிடாமல் உடனே போட வேண்டும். நர்சரியில் விற்கும் பெரிய பூ ரோஜாக்கள் பெரும்பாலும் வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுக்கட்டியவை. அவற்றின் குச்சி பிடித்தாலும் அந்த வேரின் வலு கூடவே வராது. பன்னீர் ரோஜா விதிவிலக்கு. மா, சப்போட்டாவுக்கும் ஒட்டுக்கன்றுதான். இதற்கெல்லாம் லால்பாக் பூங்காவுக்குள் இருக்கும் நர்சரிக்காரர்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க்காட்சி நடக்கும் நாட்களைத் தவிர்த்தால் நின்று பார்த்து வாங்கலாம்.

ஓசிச் செடியில் ஒரு பெரிய ஆபத்து, வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி. 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றிலும் ஏறியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தப் பூச்சியைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் வளர்த்துப் பரப்பிய பிறகே அது அடங்கியது. அன்பாகக் கொடுத்த குச்சி என்பதற்காகப் பூச்சி வராமல் இருக்காது, நர்சரி பில் இருந்தாலும் அப்படித்தான். எங்கிருந்து வந்த செடியையும் இரண்டு வாரம் தனியாக வைத்து, இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

அப்புறம், கூடவே வரும் அறிவுரை. நர்சரிக்காரர் எல்லாச் செடிக்கும் ஒரே மந்திரம் சொல்வார்: “தினமும் தண்ணி, மாசம் ஒரு பிடி உரம்.” தோழியிடம் “அக்கா, இலை மஞ்சளாகுது” என்றால் “போட்டோ அனுப்பு, தொட்டி ஓட்டை அடைச்சிருக்கான்னு பாரு” என்பார். இந்த ஒரு விஷயத்தில் நர்சரி கிட்டேயே வர முடியாது. ஆனால் தோழி வீட்டுப் பால்கனி கிழக்கே பார்த்திருக்கும், உங்களுடையது மேற்கே. “ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்” என்பது அவர் வெயிலுக்குச் சரியான கணக்கு. எத்தனை மணி நேரம் வெயில், என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டு அறிவுரையை வாங்குங்கள். முட்டை ஓட்டை நசுக்கிப் போட்டால் உடனே சுண்ணாம்புச்சத்து கிடைக்கும் என்பதை நம்ப வேண்டாம், அது மண்ணில் கரைய மாதக்கணக்காகும். காபிச் சக்கையை அப்படியே மேலே கொட்டினால் பூஞ்சை படர்ந்து கெட்டியாகிவிடும், மக்க வைத்துப் போடுங்கள்.

தோழி விதை கொடுத்தால் நாட்டு விதையா, இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த ஹைபிரிடா என்று கேளுங்கள். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி ஹைபிரிட், அதன் பழத்திலிருந்து எடுத்த விதை அதே போலக் காய்க்காது. அங்கேயே உருவான அர்கா அனாமிகா வெண்டை ஹைபிரிட் இல்லை, அதன் விதையைத் தாராளமாகப் பகிரலாம்.

கொண்டுவந்த குச்சி காய்ந்துபோனால் மறுபடி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். செம்பருத்தியை வெட்ட வெட்டத்தான் பக்கக்கிளை விட்டுப் பூக்கும். தோழி எப்போது கவாத்து செய்வார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குக் குப்பைக்குப் போவதே ஒரு கட்டு இருக்கும்.