பகலில் வந்துபோன பாதுகாப்பு ஆய்வு

எங்கள் 60 படுக்கை மருத்துவமனையில் பாதுகாப்பு ஆய்வுக்கு ஒரு தனியார் நிறுவனத்தை நிர்வாகம் அழைத்திருந்தது. இரண்டு பேர், ஒரு நாள் வேலை, கட்டணம் 22,000 ரூபாய். இரண்டாம் மாடி வார்டின் பொறுப்புச் செவிலியர் நான். நாள் முழுக்க அவர்களோடு நடந்ததால் எழுதுகிறேன்.

முன்பு வந்தவர்கள் தீயணைப்பானில் தொங்கும் அட்டையில் தேதியைப் பார்ப்பார்கள், காபி குடிப்பார்கள், போய்விடுவார்கள். இவர்களில் மூத்தவர் நேரே என் டிரெஸ்ஸிங் வண்டிக்கு வந்து, பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கும் வெள்ளைப் பெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முக்கால் பங்கு நிறைந்ததுமே மூடிவிட வேண்டும். எங்கள் பெட்டியில் வாய்வரை ஊசி. ஒன்று மூடியில் சிக்கி வெளியே எட்டிப் பார்த்தது. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்து, மருத்துவக் கழிவுச் சிவப்புப் பையைக் கட்டிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளரிடம் போனார். "ஊசி குத்தினால் என்னம்மா செய்வீர்கள்?"

"பிதுக்கி ரத்தத்தை எடுத்துவிட்டு ஸ்பிரிட் தடவிக்கொள்வேன் சார்."

இரண்டு முறை குத்தியிருக்கிறதாம். எட்டு வருடமாக ஒரே வார்டில் இருக்கிறோம், என்னிடம் சொன்னதில்லை. பிதுக்கவே கூடாது, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று அவர் நின்ற இடத்திலேயே விளக்கினார். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி செவிலியர்களுக்குப் போட்டிருந்தார்கள், ஒப்பந்தப் பணியாளர்களுக்கு இல்லை. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் போட வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். அறிக்கையின் முதல் வரியே இதுதான். மறுவாரம் 14 பேருக்கு முதல் தவணை போட்டாயிற்று. கொடுத்த பணம் இதற்கே சரியாகப் போயிற்று என்பேன்.

சங்கிலி கட்டாத ஆக்சிஜன் சிலிண்டரையும் பிடித்தார்கள். எக்ஸ்ரே தம்பியின் மேல் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று அளக்கும் பேட்ஜ் சட்டையில் இல்லாமல் மேஜை டிராயரில் கிடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அளவெடுக்க அனுப்புகிறோம். டிராயர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

குறை ஒன்று உண்டு, சிறியதல்ல. காலை பத்துக்கு வந்து மாலை நான்குக்குக் கிளம்பிவிட்டார்கள். வருகிற நாளை முன்கூட்டியே சொல்லியிருந்ததால், அவசர வழியான பின்பக்க மாடிப்படியில் அடுக்கியிருந்த உடைந்த கட்டில்கள் முந்தின இரவே ஷெட்டுக்குப் போய்விட்டன. திருட்டுக்குப் பயந்து இரவில் கீழ்க் கதவைப் பூட்டுவார்கள், சாவி காவலாளியின் பையில் இருக்கும் என்று மூத்தவரிடம் சொன்னேன். "கண்ணால் பார்த்ததைத்தானே சிஸ்டர் எழுத முடியும்" என்றார். இரவு ஆய்வுக்குத் தனிக் கட்டணமாம். நிர்வாகம் வேண்டாம் என்றுவிட்டது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அழைப்பவர்கள் இரவு ஆய்வையும் சேர்த்தே கேளுங்கள். எங்கள் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் "அவசர வழி: தடையில்லை" என்று இருக்கிறது. நேற்று இரவுப் பணியில் போய்ப் பார்த்தேன். கட்டில்கள் திரும்பி வந்திருந்தன, கதவில் பூட்டும் தொங்கியது.