படத்தின் பெயரைக் காட்டி 36,500 ரூபா: திரைப்பட விளையாட்டு வாங்குவோர் கவனத்துக்கு

யாழ்ப்பாண நகரில் கணினி உதிரிப்பாகங்களும் விளையாட்டு இறுவட்டுகளும் விற்கும் ஒரு கடையில், திரைப்படங்களைத் தழுவிய ஆறு கணினி விளையாட்டுகளுக்கென்று 36,500 ரூபாவைக் கொடுத்துவிட்டு, பேசியபடி ஒன்றைக்கூடப் பெறாமல் நிற்கிறேன். இன்று மாலை அந்தக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார். முறைப்பாடு செய்யவிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் தவணை விடுமுறை நெருங்குகிறது, பிள்ளைகளுக்கென்று இதே பொதியை வாங்க இன்னும் பலர் அங்கே போவார்கள் என்பதால் நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

கடையில் நின்றவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். மகனுக்குத் திரைப்படங்களை ஒட்டி வந்த விளையாட்டுகள் பிடிக்கும் என்று சொன்னதும், "அண்ணை, படக் கேம் எண்டால் பாத்துத்தான் எடுக்கவேணும், முக்கால்வாசி குப்பை" என்று அவரே முதலில் எச்சரித்தார். நான் அவரை நம்பியது அந்த வார்த்தையில்தான். தன் சரக்கைத் தானே குறை சொல்லும் வியாபாரியை யார் சந்தேகிப்பார்கள்? அதோடு நிறுத்தாமல் காரணத்தையும் விளக்கினார். படம் திரைக்கு வரும் அதே கிழமையில் விளையாட்டும் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று நெருக்குவதால் அரைகுறையாக முடித்து விற்கிறார்கள் என்றும், 'கோல்டன்ஐ' என்ற ஜேம்ஸ் பொண்ட் படம் 1995இல் வந்திருக்க, அதன் விளையாட்டை ரெயார் நிறுவனம் 1997 வரை ஆறுதலாகச் செய்தபடியால்தான் இன்றைக்கும் அது பேசப்படுகிறது என்றும் சொன்னார். 2004இல் 'ரிடிக்' படத்தையொட்டி வந்த சிறைச்சாலை விளையாட்டு, அந்தப் படத்தின் கதையைத் திருப்பிச் சொல்லாமல் அதற்கு முந்திய கதையைச் சொன்னபடியால் படத்தைவிடப் பெயர் எடுத்தது என்றார். அத்தனையும் சரியான தகவல்கள். இவ்வளவு அறிந்த ஒருவர் நல்லதைத்தான் தெரிந்து தருவார் என்று எண்ணினேன்.

அவர் எழுதித் தந்த பட்டியல் இது: இறுவட்டாக 'ஸ்பைடர்மேன் 2', ரிடிக், பீற்றர் ஜாக்சனின் 'கிங் கொங்', இணையத்தில் பதிந்து இறக்கிக்கொள்ளும் குறியீடுகளாக 'ஏலியன்: ஐசோலேஷன்', 'மேட் மக்ஸ்', 'ரொபோகொப்: ரோக் சிட்டி'. தேர்வில் குறை சொல்ல இடமேயில்லை. 'கிங் கொங்'கில் உயிர் அளவையோ தோட்டாக் கணக்கையோ திரையில் காட்டாமல், எத்தனை மிச்சம் என்று பாத்திரமே வாய்விட்டுச் சொல்லும். 2005இல் அது பெரிய துணிச்சல். 'ஸ்பைடர்மேன் 2'ஐக் கடையின் பெரிய திரையில் ஓடவிட்டுக் காட்டினார்கள். மன்ஹாட்டன் முழுவதும் திறந்து கிடக்க, வலை உண்மையாகவே கட்டடங்களில் போய் ஒட்ட, தெருவுக்குத் தெரு ஊஞ்சலாடிப் போகும் அந்த விளையாட்டைச் சமாதான காலத்தில், மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு விளையாட விடும் கடையொன்றில் நானே விளையாடியிருக்கிறேன். "வீட்டுக் கொம்பியூட்டரில இதே கேம்தானே ஓடும்?" என்று தெளிவாகக் கேட்டேன். "இதே கேம்தான் அண்ணை, நம்பிக் கொண்டுபோங்கோ, பிழைச்சால் கொண்டுவந்து மேசையில போடுங்கோ" என்றார். 36,500 ரூபாவையும் காசாகவே எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து 'ஸ்பைடர்மேன் 2' இறுவட்டைப் போட்டதும் மகன் என் முகத்தைப் பார்த்தான். உறையில் அதே பெயர், அதே ஆண்டு, அதே சிவப்பு உடை. உள்ளே இருந்தது வேறு விளையாட்டு. பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பொக்ஸ் போன்ற விளையாட்டுக் கருவிகளுக்கு ட்ரேஆர்க் நிறுவனம் செய்து, கடைத்திரையில் ஓடியது ஒன்று, கணினிக்கென்று வேறொரு நிறுவனத்தைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்காக எளிமையாக்கிச் செய்வித்தது இன்னொன்று. இதில் குறித்துவைத்த இடங்களில் சொடுக்கினால்தான் வலை போகும், அந்த ஊஞ்சலாட்டம் கிடையாது. 2004இல் வெளிநாடுகளிலும் இந்த உறையை நம்பி வாங்கிப் பலர் ஏமாந்தார்கள். ரிடிக் பெட்டிக்குள் 2008இல் படத்தோடு படமாக அவசரத்தில் இறக்கப்பட்டு விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட 'அயன்மேன்' இறுவட்டு இருந்தது. 'கிங் கொங்' இறுவட்டில் கீறல்கள்; கணினி அதை வாசிக்கவே மறுத்தது.

குறியீடுகளின் கதை இதைவிடக் கேவலமானது. 'மேட் மக்ஸ்' குறியீடு ஏற்கனவே பயன்படுத்தப்பட்டது என்று காட்டியது. அதாவது அதே துண்டை எனக்கு முன்னர் இன்னொருவருக்கும் விற்றிருக்கிறார்கள். 'ரொபோகொப்' என்று எழுதியிருந்த குறியீட்டைப் பதிந்தால், 2023இல் வெளிவந்த கையோடு அதைச் செய்த நிறுவனமே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்த, 'லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' கதைப் பாத்திரத்தை வைத்துச் செய்த 'கொல்லம்' திறந்தது. 'ஐசோலேஷன்' இருக்கவேண்டிய இடத்தில் 2013ஆம் ஆண்டின் 'ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்'. இரண்டுமே ஏலியன் படங்களிலிருந்து வந்தவைதான், ஆனால் ஒன்றை இரவில் தனியே விளையாடப் பயம் வரும், மற்றதில் அந்த மிருகங்கள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரிப்பு வரும். வெளியீட்டுக்கு முன் காட்டிய காட்சிகள் ஒருவிதம், கடைசியில் விற்ற பண்டம் இன்னொருவிதம் என்று அமெரிக்காவில் வழக்குப் போடும் அளவுக்கு அது நாறிப்போனது. இந்தக் கடைக்காரர் அதைத் தேர்ந்து தந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

மேசையில் கொண்டுபோய்ப் போட்டேன். "முதலாளி கொழும்பில நிக்கிறார், வெள்ளிக்கிழமை வாங்கோ" என்றார்கள். வெள்ளிக்கிழமை போனால் அந்த இளைஞர் இல்லை. நின்ற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, "அந்த அண்ணாவோடதான் கதைக்கவேணும்" என்றது. அவர் அகப்பட்டபோது, வாசிக்காத இறுவட்டுக்கு என் கணினியில் தூசி என்றார், பாவித்த குறியீட்டுக்கு என் மகன் இரண்டு தரம் அழுத்தியிருப்பான் என்றார். அதற்கும் நான் மசியாமல் நின்றபோது, என்னை நம்பவைத்த அதே அறிவை எனக்கு எதிராகவே எடுத்துவிட்டார்: "அண்ணை, படக் கேம் எண்டால் அப்பிடித்தான். அற்றாரி 'ஈ.ரி.' கேமை அஞ்சு கிழமையில செய்து, விக்கேலாமல் கொண்டுபோய் மண்ணில தாட்டது தெரியுமோ? அதுக்குக் கடைக்காரன் என்ன செய்யிறது?"

தெரியும். அற்றாரி என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனம் 'ஈ.ரி.' படத்தின் பெயரில் 1982 நத்தார் விற்பனையைப் பிடிப்பதற்காக ஹோவர்ட் ஸ்கொட் வோர்ஷா என்ற தனி மனிதரிடம் அந்த வேலையைக் கொடுத்ததும், மறு ஆண்டு நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் குப்பைமேட்டில் புதைத்ததும், 2014இல் அவற்றை மீண்டும் தோண்டி எடுத்ததும் எனக்கும் தெரியும். அந்த விளையாட்டு மோசமாக இருந்ததற்கு அவகாசம் இல்லாமை காரணம், ஆனால் 'ஈ.ரி.' என்று எழுதிய பெட்டியை வாங்கியவருக்கு உள்ளே 'ஈ.ரி.'தான் கிடைத்தது. திரைப்பட விளையாட்டுகளில் நல்லதும் கெட்டதும் கலந்துதான் வரும், வாங்கிய விளையாட்டு சுவையில்லாமல் போனால் அதற்காக எவரிடமும் காசைத் திருப்பிக் கேட்கமாட்டேன். நான் கேட்பது பெட்டியில் எழுதியது ஏன் உள்ளே இல்லை என்பதை. அதற்குப் பதில் சொல்லாமல், உலகத்திலுள்ள மோசமான விளையாட்டுகளையெல்லாம் சாட்சிக்கு அழைத்து 36,500 ரூபாவை விழுங்கப் பார்க்கிறார்.

பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றுக்கு நீலக் குறி மட்டும் விழுந்தது. பற்றுச்சீட்டு என்று தந்தது கடையின் பெயரோ முத்திரையோ இல்லாத ஒரு கொப்பித்தாள் துண்டு. நல்லகாலமாக ஆறு பெயர்களும் 36,500 என்ற தொகையும் அவரது கையெழுத்திலேயே அதில் இருக்கின்றன. கடைசியாக, "வேணுமெண்டால் 3,000 ரூபா கழிச்சு ஒரு கீபோர்ட் தாறன்" என்று ஒரு குரல்பதிவு. வேண்டாம் என்று எழுதினேன், தடைசெய்துவிட்டார்.

என்னென்ன பார்த்து வாங்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்திருந்தேன், இப்போது அதற்குரிய பொறுமை இல்லை. குறியீடு என்றால் கடையிலேயே, உங்கள் கணக்கில், உங்கள் கண் முன்னால் பதிந்து பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். கடைத்திரையில் ஓடுவது எந்தக் கருவிக்குரிய பதிப்பு என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். ஒரே பெயரில் கருவிக்கொரு விளையாட்டு இருக்கிறது. இறுவட்டைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பொதியாக வாங்கவே வாங்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. நாளைக்கே எடுத்துப் பேசிவிட்டு எழுத்திலும் கொடுக்கப்போகிறேன். இதே ஆறு பெயர்கள் கொண்ட பொதியை நகரில் வேறு எவரேனும் வாங்கியிருந்தால் அந்தத் துண்டை எறிந்துவிடாமல் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். குறிப்பாக, அந்த 'மேட் மக்ஸ்' குறியீட்டை எனக்கு முன்னர் பதிந்தவர்.