பட்டிப்பூவா, கொன்றையா? திருகோணமலை வளவுக்கு ஏற்றது எது?

மாரியில் இங்கே எதை நட்டாலும் பிடித்துக்கொள்ளும். வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் மாசி தொடங்கிப் புரட்டாசி வரை செடி எப்படி நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இடையில் கச்சான் காற்று வேறு. தரைப்பக்கமிருந்து சுட்டுக்கொண்டு வரும் அந்தக் காற்றில் ரோசாச் செடி இலையோரம் கருகி, மொட்டு விரியாமலே காய்ந்துவிடும். அதனால், திருகோணமலையில் வளவுக்குப் பூ வேண்டும் என்று கேட்பவருக்கு நான் சொல்லும் பெயர்கள் அதிகம் இல்லை. செடியில் பட்டிப்பூ, மரத்தில் சரக்கொன்றை. இடமும் தண்ணீரும் தாராளமாக உள்ளவர் இரண்டையும் வைக்கட்டும். மற்றவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

பட்டிப்பூவை, அதாவது தமிழ்நாட்டார் நித்தியகல்யாணி என்று சொல்வதை, நம்மூர்க் காட்டுப்பூ என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடற்கரை மணலிலும் மயான ஓரத்திலும் சீமெந்து வெடிப்பிலும் யாரும் நடாமலே நிற்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதன் பூர்வீகம் மடகஸ்கார். காசு கொடுத்து அலங்கார மரமென்று வாங்கி வருகிற கொன்றையோ நம் உலர்வலயக் காட்டில் தானாக வளர்கிற மரம். வந்தேறிச் செடி களை மாதிரிப் பரவுகிறது. மண்ணின் மரத்துக்குக் கூடு கட்டிக் காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர்க் கணக்கில் பட்டிப்பூவை எதுவும் வெல்லாது. வேர் பிடித்த செடி கோடையில் நடுப்பகலில் இலையைத் தொங்கப்போடும், மாலையில் நிமிரும். உப்புக்காற்றையும் தாங்கும். அதைக் கொல்ல ஒரே வழி தண்ணீரை அதிகமாக ஊற்றுவதுதான். மாரியில் நீர் தேங்கும் பள்ளத்தில் வைத்தால் தண்டின் அடி கறுத்து, இரண்டொரு நாளில் செடி சாய்ந்துவிடும். கடையில் சட்டியில் வைத்து விற்கிற பெரிய பூ ஒட்டினங்களுக்கு இந்த நோவு இன்னும் அதிகம். மதிலோரம் நிற்கிற சாதாரண ரோஸ் நிறப் பூவோ வெள்ளைப் பூவோ போதும். அதில் ஒரு அங்குல நீளத்துக்குச் சோடியாக நிற்கிற மெல்லிய காய் மஞ்சளித்ததும் கிள்ளி எடுங்கள். வெடித்தால் கடுகளவான கறுப்பு விதைகள் கொட்டும். செலவு அவ்வளவுதான்.

கொன்றைக்கு முதல் இரண்டு கோடைக்குக் காவலாள் தேவை. ஐப்பசியில் முதல் மழையோடு நட்டு, குழிக்குள் பொச்சுமட்டை அடுக்கி, மேலே எருவும் மண்ணும் போட்டு மூடினால் ஈரம் நிற்கும். மாசிக்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரமாவது வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆழத்தில் வேர் போன பிறகு அது உங்களை எதுவும் கேட்காது. பூக்க மட்டும் சில வருடம் பொறுக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டிப்பூ விதை பொறுக்கப் போகலாம்.

மரம் வைக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் நிழல். கொன்றை விஷயத்தில் இந்தக் காரணம் செல்லாது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதுமில்லை. பங்குனி, சித்திரையில் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில்தான் அது இலையை உதிர்க்கும். உதிர்த்த கிளையிலிருந்துதான் மஞ்சள் சரங்கள் இறங்கும். அந்தச் சில கிழமைகள் வீதியால் போகிறவர் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார், சிவன் கோயிலுக்குப் பூக் கேட்டு வருவார்கள், கறுப்பு வண்டுகள் நாள் முழுக்க ரீங்கரிக்கும். ஆனால் அடியில் கதிரை போட்டு இருந்தால் மண்டை வெடிக்கும். நிழல்தான் வேண்டும் என்றால் வேம்பை வையுங்கள், அதில் இரண்டாம் பேச்சில்லை. சரத்தின் அழகு பட்டிப்பூவுக்குக் கிடையாது. அது மாதம் தவறாமல் பத்துப் பதினைந்து பூவோடு நிற்கும். ஒரு கிழமையில் அது பழகிவிடும், பிறகு கண்ணில் படாது.

அடுத்தது மான். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகர வீதியிலும் புள்ளிமான் கூட்டமாக உலவுகிற ஊர் இது. சுற்றுலா வந்தவர் படம் எடுப்பார், வீட்டுக்காரர் கேற்றைச் சாத்துவார். பட்டிப்பூவின் கசப்பை ஆடு மாடு சீண்டுவதில்லை. கொன்றைக் கன்றுக்கு வரும் ஆபத்து வேறு: கொம்பு தினவெடுத்த கலைமான் இளமரத்தில் உரசினால் பட்டை உரிந்து போகும், சிலவேளை தண்டே முறியும். தலையளவுக்கு மேல் உயரும் வரை கம்பிக்கூடு கட்டாயம்.

கசப்பு என்றதும் ஒன்று. சீனி வருத்தத்துக்குப் பட்டிப்பூவை மென்று தின்னும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுவது இந்தச் செடியிலிருந்துதான். உயிரணு பெருகுவதையே நிறுத்துகிற சரக்கு அது. செடி முழுவதும் நஞ்சு. கிளினிக் மருந்தை விட்டுவிட்டு இதை மெல்ல வேண்டாம். எதையும் வாயில் வைக்கிற வயதில் பிள்ளை இருந்தால் முற்றத்தில் வைக்காமல் மதிலுக்கு வெளியே வையுங்கள். கொன்றைக் காயின் கறுப்புச் சதையும் பேதிக்குக் கொடுப்பதுதான். ஆனால் ஒரு முழ நீளக் காயை உடைத்துத் தின்ன ஒரு குழந்தைக்குப் பொறுமை போதாது.

புயலையும் மறந்துவிட முடியாது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி கரைகடந்தது திரியாய், குச்சவெளிப் பக்கம்தான். கூரையோரம் மரம் வைக்கிறவர் அந்த இரவை நினைத்துக்கொண்டு வைக்கட்டும். வீட்டுக்கும் மரத்துக்கும் இடையில் பதினைந்து அடியாவது விட்டு, மழைக்கு முன்பே நீண்ட கிளைகளை வெட்டிவிடுவது நல்லது.

என் தீர்ப்பு இடத்துக்கு இடம் மாறும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த மணல் வளவு என்றால் பட்டிப்பூதான். உப்புக்காற்று நேராக அடிக்கிற இடத்தில் கொன்றை கறளைபோல் நிற்கும். கன்னியா, பாலையூற்றுப் பக்கம் உள்ளே தள்ளிய சொந்தக் காணி என்றால் தயங்காமல் கொன்றை. உவர்மலை மாதிரிப் பாறைக்கு மேல் மண் மெல்லிசான இடத்தில் முதலில் அலவாங்கு போட்டுப் பாருங்கள். இரண்டடிக்குள் கல்லில் முட்டினால் மரத்தை மறந்துவிடலாம்.

கொன்றை என்று முடிவெடுத்தவர் கன்றுக்கு அலைய வேண்டியதில்லை. முற்றிக் கறுத்து, ஆட்டினால் கிலுகிலுக்கிற காய் ஒன்று போதும். உடைத்தால் உள்ளே சில்லுச் சில்லாகத் தடுப்பு, ஒவ்வொரு தடுப்பிலும் பிசின் ஒட்டிய ஒரு தட்டை விதை. அதன் தோல் கல் மாதிரி. அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். கழுவி, ஒரு ஓரத்தை மட்டும் அரத்தாள் கொண்டு வெள்ளை தெரியும் வரை தேய்த்து, இரவு தண்ணீரில் போடுங்கள். விடிய வீங்கியிருப்பதைப் பையில் நடலாம், வீங்காததை இன்னொரு தரம் தேய்க்க வேண்டும்.