சன்ஃப்ளவர் ஆயில் வாங்க சூப்பர் மார்க்கெட்டா, அண்ணாச்சி கடையா?

எங்கள் வீட்டில் மாதம் 4 லிட்டர் சன்ஃப்ளவர் ஆயில் ஓடும். தாம்பரத்தில் நடக்கிற தூரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட், தெருமுனையில் அண்ணாச்சி கடை. இரண்டிலும் மாற்றி மாற்றி வாங்குகிறவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். கடைப் பெயர்கள் வேண்டாம்.

சூப்பர் மார்க்கெட்டில் ஏசி, பில், எம்ஆர்பிக்கு 20, 30 ரூபாய் குறைவாக எண்ணெய் எல்லாம் உண்டு. அந்தத் தள்ளுபடிக்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன். 2024 செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு கச்சா சூரியகாந்தி, பாமாயில், சோயா எண்ணெய் மூன்றுக்கும் இறக்குமதி வரியை, செஸ் எல்லாம் சேர்த்து, 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக்கியது. உள்ளூர் சோயா விவசாயிக்கு விலை கிடைக்கவில்லை என்றார்கள், சரி, நியாயமான கவலைதான். ஆனால் நாடு சமைக்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, அந்த வரியை உக்ரைன்காரரோ ரஷ்யாக்காரரோ கட்டப் போவதில்லை, வடை சுடுகிறவர்தான் கட்டியாக வேண்டும்.

அந்த வாரமே கடைக்குப் போனால் அதே ரேக், பழைய தேதி போட்ட அதே பாக்கெட், தள்ளுபடியை மட்டும் காணோம். குறைந்த வரியில் வந்த சரக்கு சுமார் 30 லட்சம் டன் கையிருப்பில் இருக்கிறது, 45-50 நாள் தாங்கும், அதுவரை எம்ஆர்பியை ஏற்றாதீர்கள் என்று அரசு கம்பெனிகளிடம் சொல்லியிருந்தது. இங்கேயும் எம்ஆர்பியை யாரும் தொடவில்லையே! அதற்குக் கீழேயே ஏற்றிக்கொள்ள அவ்வளவு இடம் இருக்கிறது.

அண்ணாச்சி கடையில் பில் கிடையாது, சில்லறைக்கு மிட்டாய், ஞாயிறு மதியம் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ஆனால், "இது பழைய பெட்டி சார், பழைய விலைக்கே எடுத்துக்கோங்க" என்று இரண்டு வாரம் கொடுத்தார். புதுப் பெட்டி வந்ததும் அவரும் ஏற்றினார். தீபாவளிக்கு முறுக்கு அளவைப் பாதியாகக் குறைத்தோம்.

2025 மே 30 அன்று அந்தக் கச்சா சமையல் எண்ணெய்களின் வரி 16.5 சதவீதமாக இறங்கியது. சூப்பர் மார்க்கெட்டில் கேட்டால் "சிஸ்டத்துல இன்னும் மாறலை சார்". ஏறும்போது மட்டும் அந்த சிஸ்டத்துக்கு என்ன வேகம்! அண்ணாச்சியும் உடனே குறைக்கவில்லை, பழைய சரக்கு முடியட்டும் என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை, ஏறினபோதும் இதே கணக்கைத்தானே சொன்னார்.

இன்னொன்று, பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். 1 லிட்டர் என்றால் சுமார் 910 கிராம், அதே உயரத்தில் 850 கிராம் பாக்கெட்டும் பக்கத்திலேயே நிற்கிறது, நான் ஒரு முறை ஏமாந்தேன்.

சூப்பர் மார்க்கெட்டுக்கு 5க்கு 2, அதுவும் ஏசிக்காக. அண்ணாச்சிக்கு 4, மிட்டாயை நிறுத்தினால் நாலரை.