அங்சாவா, செராத்தியா? கோழி இருக்கும் கொல்லைக்கு எது தோது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு எங்களுடையது. கொல்லையில் நாட்டுக்கோழி எப்போதும் உண்டு. அதோடு அங்சா (கூஸ்) என்கிற பெருவாத்தையும் வளர்த்தேன், செராத்தி (மஸ்கவி) வாத்தையும் வளர்த்தேன். எது நல்லது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தீனி விஷயத்தில் அங்சாதான் முந்தும். ஆடு மாதிரி புல்லை மேய்ந்தே வயிற்றை நிரப்பிக்கொள்ளும். காலையில் திறந்துவிட்டால் கழுத்தைத் தாழ்த்தி, இளம்புல்லை அலகால் பிடித்து வெடுக்கென்று இழுக்கும். அடுப்படியில் நின்றாலே அந்தச் சத்தம் கேட்கும். முற்றின லாலான் புல்லை மட்டும் சீண்டாது. செராத்திக்குப் புல் மட்டும் போதாது. ஈ, புழு, நத்தை என்று தேடித் தின்னும், டெடாக் என்கிற தவிடும் கேட்கும். ஆனால் செம்பனைத் தோட்டத்து ஓரம் மேயவிடுகிறவர்கள் களைக்கொல்லி மருந்தடித்த நாளை மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளர்) கேட்டுக்கொள்ளுங்கள். பாராகுவாட் என்கிற களைக்கொல்லியை இங்கே 2020-இல் தடை செய்துவிட்டார்கள், சரி. மற்ற களைக்கொல்லிகள் இருக்கின்றனவே.

குஞ்சுக்குச் செராத்திதான். முட்டை பொரியக் கோழிக்கு 21 நாள், அங்சாவுக்கு ஏறக்குறைய 30, செராத்திக்கு 35. நாள் அதிகம்தான், ஆனாலும் அடையில் உட்கார்ந்த செராத்தியை எழுப்புவது பெரும்பாடு. அங்சா பருவத்துக்கு வரவே இரண்டு வருடம் ஆகலாம். இரண்டின் குஞ்சுகளுக்கும் கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் கொடுத்தால் நியாசின் என்கிற வைட்டமின் சத்து பற்றாமல் கால் வளைந்துவிடலாம். தீவனத்தில் கொஞ்சம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுங்கள்.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் சத்தம் பெரிய விஷயம். அங்சா கத்தினால் நாலு வீடு தாண்டும். செராத்தி சீறுவதோடு சரி. அங்சா எச்சம் பட்டால் பாம்புக்குத் தோல் அழுகும் என்பார்கள்; அதை நம்பி வாங்காதீர்கள். ஆள் வந்தால் கத்தும், அது உண்மையான காவல். மலைப்பாம்பு வந்தால் அங்சாவுக்கே ஆபத்து.

கோழியோடு சேர்த்து வளர்ப்பதில் உண்மையான தொல்லை தண்ணீர்தான். அங்சாவுக்குத் தலை முழுக்க முங்கும் ஆழம் வேண்டும். அப்படி வைத்த பேசினில் ஒருநாள் பத்து நாள் குஞ்சு ஒன்று விழுந்து செத்துக் கிடந்தது. தாய்க்கோழி அன்று முழுக்க அந்தப் பேசினைச் சுற்றிச் சுற்றி வந்தது. அன்றிலிருந்து உள்ளே ஒரு செங்கல் போட்டு வைக்கிறேன், விழுந்தாலும் ஏறிவிடும். ஏடிஸ் கொசுவுக்காக நீரைத் தினமும் கொட்டி மாற்றவும் வேண்டும். வாத்து இனம் எதுவானாலும் படுக்கையை நனைத்துவிடும். ஈரத்தில் கோழிக்கு இரத்தக் கழிச்சல் பிடிக்கும். வெள்ளைக் கழிச்சல் கிருமியை வாத்துகள் நோய் காட்டாமலே சுமக்கக்கூடும். அதனால் பகலில் ஒன்றாக மேயட்டும், இரவில் தனித்தனிக் கூடு. கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கட்டாயம். ஆண் வாத்துக்குத் துணை இல்லையென்றால் பெட்டைக்கோழி மேல் ஏறிக் காயப்படுத்தும். இதில் செராத்தி ஆண்தான் மோசம்.

லயத்து வீட்டுக்கு ஒரு ஆண், மூன்று பெட்டை என்று செராத்தியே வாங்குங்கள். வேலி போட்ட புல்வெளியும் கொஞ்சம் தள்ளி அக்கம்பக்கமும் இருந்தால் ஒரு ஜோடி அங்சா நன்றாக இருக்கும். ஆனால் அது இருபது வருடம்கூட வாழும். நாளைக்குப் பிள்ளைகளோடு ஈப்போவுக்குக் குடிபோனால் அதை யாரிடம் விடுவது என்பதை இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.