போரில் மாண்டவரைத் தேட ஒரு பதிவேடு

தொண்டி, கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் "பர்மா சண்டையில போயிட்டாரு" என்பதற்கு மேல் தாத்தாவைப் பற்றி எதுவும் தெரியாத வீடுகளுக்கு, இரு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் மாண்டவர்களைப் பட்டியலிடும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு பெரிய உதவி. கட்டணம் இல்லை. சுமார் 17 லட்சம் பெயர்கள்.

முதலில் தெரிந்த ஒருவரைத் தேடிப் பழகுங்கள். வேல்ஸ் கவிஞர் ஹெட் வின், 1917 ஜூலை 31-இல் பெல்ஜியத்தில் மாண்டவர். அது புனைபெயர், எவன்ஸ் என்று தேட வேண்டும். வேல்ஸில் எவன்ஸுக்குப் பஞ்சமில்லை, பட்டியல் நீளும். இறந்த தேதியும் ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவும் சேர்த்தால் சுருங்கிவிடும். அவர் புதைக்கப்பட்ட ஆர்ட்டிலரி வுட் கல்லறைத் தோட்டம் வரை வழி கிடைக்கும். ஆனால் பதினோரு பிள்ளைகளில் மூத்தவர், பண்ணையில் ஆடு மேய்த்தவர், இறந்தபின் கவிதைப் போட்டியில் பரிசாக வென்ற நாற்காலிக்குக் கருப்புத் துணி போர்த்தினார்கள் என்பதெல்லாம் வேறு இடத்தில்தான் தேட வேண்டும். சாவைச் சொல்லும் ஏடு இது, வாழ்வை அல்ல.

நம் பெயர்களில் சிக்கல் அதிகம். குடும்பப் பெயர் கிடையாது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் நிலையில்லை. ஒரே பெயரை நாலைந்து விதமாக, முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டத்திலும் போட்டுப் பாருங்கள். கூடுதல் விவரக் கட்டத்தில் பழைய 'ராம்நாட்' என்ற பெயரையும் முயலலாம். பர்மாவில் உடல் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் ரங்கூன் நினைவகத்தில், ஏறக்குறைய 27,000 பெயர்களோடு இருக்கிறார்கள்.

பெரிய குறை: நேதாஜியின் படையில் சேர்ந்து மாண்டவர்களுக்கு இதில் இடமில்லை.