அட்டெனோலாலா, அம்லோடிபினா, டெல்மிசார்டனா?

பெரியம்மா பிரஷருக்காக 18 வருஷமாகக் காலையில் போடுவது அட்டெனோலால் 50 மில்லிகிராம் மாத்திரை. போன மாதம் வந்த அவருடைய தம்பி மகன், "இதெல்லாம் பழைய மாத்திரை அத்தை, இப்ப யாரும் எழுதறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அட்டையை என்னிடம் நீட்டி, "நிறுத்திடவா?" என்றார்.

அவன் சொன்னது பாதி சரி. 'லால்' என்று முடிபவை பீட்டா பிளாக்கர்கள்: அட்டெனோலால், மெட்டோபிரோலால், நெபிவோலால். அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுப்பது இவற்றின் வேலை. துடிப்பு குறையும், பிரஷரும் இறங்கும். அம்லோடிபின் ரத்தக்குழாயைத் தளர்த்தும். டெல்மிசார்டன், லோசார்டன் போன்றவை ரத்தக்குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும்.

மூன்றுமே பிரஷரைக் குறைக்கும். அப்புறம் என்ன வித்தியாசம் என்றால், 2002ல் வெளியான லைஃப் ஆய்வைப் பார்க்க வேண்டும். இதயத் தசை தடித்துப்போன பிரஷர்காரர்கள் 9,000 பேருக்கு மேல். பாதிப் பேருக்கு அட்டெனோலால், மீதிப் பேருக்கு லோசார்டன். கையில் அளந்த பிரஷர் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பக்கவாதம் லோசார்டன் தரப்பில் 25 சதவீதம் குறைவு. 2005ல் ஆஸ்காட் ஆய்வில் அம்லோடிபின் தரப்பும் அட்டெனோலால் தரப்பை முந்தியது. புதிதாகச் சுகர் வந்தவர்களும் அம்லோடிபின் தரப்பில் குறைவு. மறு வருஷமே, சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, வெறும் பிரஷருக்கு முதல் மருந்தாக பீட்டா பிளாக்கர் வேண்டாம் என்றது.

கையில் ஒரே அளவு காட்டியும் ஏன் இப்படி? எனக்குப் பிடித்த விளக்கம் ஆஸ்காட்டின் கிளை ஆய்வில் கிடைத்தது. துடிப்பு மெதுவானால் இதயம் சுருங்கும் நேரமும் கொஞ்சம் நீளும். ரத்தக்குழாய்களின் கோடியில் மோதித் திரும்பும் அலை, அந்தச் சுருக்கம் முடிவதற்குள் மகாதமனிக்கு வந்து சேர்ந்து அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. அட்டெனோலால் தரப்பில் இதயத்துக்குப் பக்கத்து அழுத்தம் சுமார் 4 புள்ளி கூடுதலாக இருந்தது. கைப்பட்டைக்கு அது தெரியாது.

அதற்காக மற்ற இரண்டும் சொக்கத் தங்கம் இல்லை. அம்லோடிபினில் சாயங்காலமானால் சிலருக்குக் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதியும். டெல்மிசார்டனுக்குப் பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் இந்த மாத்திரையோடு, பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தினம் குடிப்பது வம்பு. கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டன் கூடவே கூடாது. அவர்களுக்கு லேபெட்டலால் தருகிறார்கள். அதுவும் 'லால்' வகைதான்!

பீட்டா பிளாக்கரில் அசதி, கை கால் சில்லிடல் உண்டு. ஆஸ்துமாக்காரர்களுக்கு வீசிங் கூடலாம். சுகருக்கு ஊசி போடுபவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை அமுக்கிவிடும். வியர்வையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலிக்காரர், இதயம் பலவீனமானவர், தாறுமாறாகத் துடிப்பவர், இவர்களுக்கெல்லாம் இந்த வகையை ஓரங்கட்ட முடியாது. ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கம் 2023ல் இதை முக்கியமான ஐந்து வகைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆனாலும், வேறு கோளாறு இல்லாமல் பிரஷர் மட்டும் இருப்பவருக்கு முதல் மாத்திரையாக அட்டெனோலால் என்றால் நான் காரணம் கேட்பேன். சில கூட்டு மாத்திரைகளில் அம்லோடிபினோடு அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

பெரியம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: சட்டென்று நிறுத்தக் கூடாது. பல வருஷம் கட்டிவைத்த இதயம் திடீரென அவிழ்ந்தால் நெஞ்சுவலி, ஏன், மாரடைப்பே வரலாம். டாக்டரிடம் போனபோது அவர் ஈசிஜி எடுத்தார், நாடியை எண்ணினார், 54. "நெஞ்சுவலி எப்பவாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றதும் பாதி மாத்திரையாக்கி, டெல்மிசார்டன் 40 சேர்த்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். இப்போது பெரியம்மா அரிவாள்மனையில் மாத்திரையை இரண்டாக நறுக்கிக்கொண்டிருக்கிறார்.